நாய் உண்ணி, மாட்டு உண்ணி: எத்தனையில் புள்ளிக்காய்ச்சல் கிருமி இருக்கும்?

மூன்றாங்கட்டை எழுதியது:

வணக்கம். திருகோணமலையில் உண்ணிகளைச் சேகரித்து, அவற்றில் எத்தனை வீதம் புள்ளிக்காய்ச்சல் பற்றீரியாவைச் சுமக்கின்றன என்று பார்க்கும் சிறு ஆய்வு ஒன்றுக்குத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறோம். நகரத்திலும் உப்புவெளியிலும் நாய்களில் 60 உண்ணி, தம்பலகாமம், கிண்ணியா மாட்டுப் பட்டிகளில் 100, பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் மான்கள் படுத்தெழும்பும் புல்லில் துணி இழுத்து 40. மொத்தம் 200. ஐந்தைந்தாகச் சேர்த்து 40 தொகுதிகளாக பி.சி.ஆர். (கிருமியின் டி.என்.ஏ.யைப் பெருக்கித் தேடும் சோதனை) செய்யலாம் என்பது இப்போதைய எண்ணம்.

‘மூன்று உண்ணியில் ஒன்றில் இந்தக் கிருமி இருக்கிறது’ என்று முகநூலில் சுற்றும் கணக்கை நம்பலாமா? எங்கள் பக்கத்தில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? 200 போதுமா? மாரியில் யாழ்ப்பாணத்தில் பேசப்படும் உண்ணிக்காய்ச்சலும் இதுவும் ஒன்றா? கடித்த உண்ணியைக் கொண்டுவந்து ‘இதைச் சோதித்துச் சொல்லுங்கோ’ என்று சனம் கேட்டால் என்ன சொல்வது?

நுணுக்குக்காட்டி எழுதியது:

முதலில் அந்த ‘மூன்றில் ஒன்று’. அது பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எந்த உண்ணி, எந்த ரிக்கெட்சியா (புள்ளிக்காய்ச்சல் பற்றீரியாவின் பேரினப் பெயர்) என்ற இரண்டையும் விட்டுவிட்டுச் சொன்னால் அந்த எண்ணால் ஒரு பிரயோசனமும் இல்லை. புள்ளிக்காய்ச்சல் கூட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ரிக்கெட்சியா இனங்கள் உண்டு. சில ஆளையே கொன்றுவிடும். சில ஒரு கிழமைக் காய்ச்சலோடு விலகிப்போகும். சில மனிதரில் நோய் உண்டாக்கியதாகவே பதிவில்லை.

வேறு நாடுகளில் நன்றாக அளந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் மிகக் கொடிய காய்ச்சலைத் தருவது ரிக்கெட்சியா ரிக்கெட்சி. அந்த நோய் வழக்கமாக வரும் பகுதிகளிலேயே டெர்மசென்ரர் உண்ணிகளில் அது பொதுவாக 1 சதவீதத்துக்கும் கீழேதான் கிடைக்கும். அதே நாட்டில் அம்பிளியோமா மக்குலாற்றம் என்ற உண்ணியில் ரிக்கெட்சியா பார்க்கரி பத்தில் ஒன்று தொடங்கிப் பாதி வரைக்கும் போகும்; அது தரும் காய்ச்சல் இலேசானது. ஆபிரிக்காவின் மாட்டு அம்பிளியோமாக்களில் ரிக்கெட்சியா ஆப்பிரிகே பல இடங்களில் பாதிக்கும் மேல். அந்தக் காய்ச்சலில் உடம்பில் நாலைந்து கரும்பொருக்குகள் (கடித்த இடத்தில் வரும் கறுத்த பொருக்கு) ஒன்றாக வரும், ஆள் தப்பிவிடும். மத்தியதரைக் கடல் நாடுகளில் நாய் உண்ணி பரப்பும் ரிக்கெட்சியா கொனோரி கடுமையான வகை. நோயாளர் வருகிற ஊரிலும் உண்ணிகளில் மிகச் சொற்பமாகவே அகப்படும்.

இது தற்செயல் அல்ல. ரிக்கெட்சியா தாய் உண்ணியிலிருந்து முட்டைக்கும், குஞ்சிலிருந்து வளர்ந்ததற்கும் கடந்துபோகக் கூடியது. உண்ணிக்குத் தீங்கு செய்யாத இனம் இப்படித் தலைமுறை தலைமுறையாகப் போய், கடைசியில் பெரும்பாலான உண்ணிகளில் குடியேறிவிடும். ரிக்கெட்சியா ரிக்கெட்சியோ தான் இருக்கும் உண்ணியையே கொல்கிறது, முட்டையைக் குறைக்கிறது. அதனால் உண்ணிக்குள் மட்டும் அது நிலைக்க முடியாது. சில நாட்கள் குருதியில் கிருமி ஓடும் எலியோ நாயோ இடையில் வேண்டும். பிரேசிலில் அந்த வேலையைக் கப்பிபாரா என்ற பெரிய கொறிணி செய்கிறது.

இன்னொன்று, கிருமிகளுக்குள்ளேயே இடப்போட்டி. அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்துப் பிற்றர்ரூட் பள்ளத்தாக்கில் ஆற்றின் மேற்குக் கரையில்தான் ஆட்கள் செத்தார்கள், கிழக்குக் கரையில் நோய் குறைவு. இரு கரையிலும் ஒரே டெர்மசென்ரர் உண்ணி. கிழக்குக் கரை உண்ணிகளின் சூலகங்களில் ரிக்கெட்சியா பீக்கொக்கீ என்ற தீங்கில்லாத உறவுக்காரக் கிருமி ஏற்கெனவே நிறைந்திருந்தது. அது இருக்கும் உண்ணியில் கொடியது முட்டைக்குக் கடக்க முடியவில்லை. 1981இல் உண்ணிக் கிருமி ஆய்வாளர் பேர்க்டோர்பரின் குழு இதை எழுதியது. இப்போது யோசியுங்கள்: இரு கரை உண்ணிகளையும் பொதுவான ரிக்கெட்சியா பி.சி.ஆரில் போட்டால் எந்தக் கரையில் பொசிட்டிவ் கூடும்? நோய் குறைந்த கரையில்.

ஆகவே திருகோணமலைக்கு ஒரே எண் என்று எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். உண்ணியின் இனம், பருவம், எடுத்த விலங்கு, கிடைத்த ரிக்கெட்சியா என்று பிரித்துத்தான் அட்டவணை வர வேண்டும். ‘200இல் இத்தனை’ என்று கூட்டி எழுதினால் முகநூலில் அடுத்த ‘மூன்றில் ஒன்று’ உங்களுடையதாகிவிடும்.

உண்ணிக்காய்ச்சல் கேள்வி மிக முக்கியம். யாழ்ப்பாணத்தில் மாரியோடு கூடுவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ். அதன் கிருமி ஒரியென்சியா சுற்சுகமுஷி, ரிக்கெட்சியா இனமே அல்ல. பரப்புவது உண்ணியும் அல்ல. புதரிலும் புல்லிலும் இருக்கும் செந்நிறச் சிற்றுண்ணியின் ஆறுகால் குஞ்சு. நீளம் ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர், வெறும் கண்ணுக்கு ஒரு பொட்டு. தமிழில் இரண்டையும் உண்ணி என்று சொல்வதால் நாயில் இருக்கும் உண்ணியை எல்லாம் பிடுங்கிவிட்டால் உண்ணிக்காய்ச்சல் வராது என்று சனம் நினைக்கிறது. இலங்கையில் நோயாளரின் குருதிப் பரிசோதனைகள் காட்டும் பொதுப் படம்: கண்டி சார்ந்த மலைநாட்டில் புள்ளிக்காய்ச்சல் கூடுதல், வடக்குத் தாழ்நிலத்தில் ஸ்க்ரப் டைபஸ் கூடுதல். சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வெளியிடும் வாராந்த அறிக்கையில் எல்லாம் ‘டைபஸ்’ என்ற ஒரே நிரலுக்குள் வரும், அதைப் பார்த்து உண்ணியின் வீதத்தை ஊகிக்க முடியாது. உங்கள் துணியில் சிற்றுண்ணி ஏறினால் தனிக் குப்பியில் போடுங்கள். ரிக்கெட்சியாவின் வழமையான பி.சி.ஆர். ஒரியென்சியாவைப் பிடிக்காது, அதற்கு 56 கிலோடால்ரன் அல்லது 47 கிலோடால்ரன் புரத மரபணுவைத் தேட வேண்டும்.

பட்டியடி எழுதியது:

மாட்டில் 100 என்பதை மாற்றுங்கள். பட்டி மாட்டில் கைக்கு அகப்படுவதில் பெரும்பங்கு ரிபிசெபாலஸ் மைக்ரோபிளஸ் என்ற மாட்டு உண்ணியாகத்தான் இருக்கும். அது ஒற்றை விருந்துவழங்கி உண்ணி: குஞ்சாக ஏறிய அதே மாட்டில் மூன்று கிழமையளவு இருந்து, வளர்ந்து, குடித்து, முட்டையிடத்தான் கீழே விழும். மனிதரைக் கடிப்பது அரிது. மனிதருக்கான ஆபத்தை அறிவதுதான் நோக்கம் என்றால் உங்கள் இரசாயனத்தில் பாதி வீண். மாட்டில் 30 போதும். ஆட்டுக்கு 40 ஒதுக்குங்கள். ஆட்டின் காதில் ஹீமாபைசாலிஸ் என்ற உண்ணி கிடைக்கும். அது குஞ்சு முதல் வளர்ந்தது வரை ஒவ்வொரு பருவத்திலும் புதிதாக ஒரு விலங்கில் ஏறுவதால் இடையில் மனிதரிலும் ஏறும்.

நாயைக் கூட்டுங்கள். ஆனால் ஒரு நாயில் 60 உண்ணி இருந்தாலும் அது 60 தனித் தரவு ஆகாது. அவை ஒரே வீட்டுச் சுவரில் ஒரே தாயின் முட்டையிலிருந்து வந்திருக்கலாம், ஒரே குருதியைக் குடித்திருக்கும். ஒரு நாயில் அதிகம் 3, ஒரு வீட்டில் அதிகம் 2 நாய். 40 நாய்க்குப் போனால்தான் 120 உண்ணி என்ற சொல்லுக்குப் பெறுமதி.

நாய் உண்ணியைத் துணி இழுத்துப் புல்லில் தேட வேண்டாம். அது காட்டு உண்ணி அல்ல, வீட்டு உண்ணி. பூச்சுப் பூசாத கல்சுவர், கிடுகுக் கூரையின் விளிம்பு, நாய் படுக்கும் சாக்கு, இங்கேதான் முட்டையும் குஞ்சும். வயிறு நிறைந்த பெண் உண்ணி சுவரில் மேல்நோக்கி ஏறி வெடிப்புக்குள் முட்டையிடும். ரோர்ச் வெளிச்சத்தில் நெஞ்சு உயரம் வரை பாருங்கள்.

கோட்டை மான் விஷயம்: இராணுவ முகாம் உள்ளே இருப்பதால் முன் அனுமதி வேண்டும். மானில் கை வைப்பதானால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இன்றி முடியாது. புல்லில் மட்டும் இழுப்பதென்றால் 1 மீற்றருக்கு 1 மீற்றர் வெள்ளைப் பிளானல் துணி, முன்விளிம்பில் ஒரு தடி, பின்விளிம்பில் சிறு பாரம். 10 மீற்றருக்கு ஒருமுறை நின்று இரு பக்கமும் பாருங்கள்; 50 மீற்றர் ஒரே மூச்சில் இழுத்தால் ஏறியவை உதிர்ந்துவிடும். பனி காய்ந்த பிறகு, வெயில் ஏற முன் ஒரு மணித்தியாலம் கிடைக்கும். கச்சான் வீசும் மாதங்களில் உச்சி வெயிலில் இழுத்து ‘உண்ணியே இல்லை’ என்று எழுதக்கூடாது. அவை ஈரம் தேடிப் புல்லடிக்குள் இறங்கியிருக்கும்.

வெக்கையைப் பற்றி இன்னொன்று. நாய் உண்ணி வழக்கமாக மனிதரை விரும்பாது. ஆனால் 40 பாகை அளவுக்குச் சூடேறும்போது மனிதரில் ஒட்டும் வேகம் கூடுகிறது என்று பரிசோதனையில் காட்டியிருக்கிறார்கள். நம் கோடைக்கு அது பொருந்தும். சேகரிப்பில் ஒரு சுற்றாவது அந்தக் காலத்தில் வையுங்கள்.

பிப்பெற் எழுதியது:

தொகுதியாகச் செய்வது பற்றி. வீதம் குறைவாக இருந்தால் தொகுதி நல்லது, கூடினால் ஏமாற்றும். 5 உண்ணி கொண்ட 40 தொகுதியில் 10 பொசிட்டிவ் என்று வையுங்கள். ‘தொகுதிக்கு ஒன்றாவது’ என்ற குறைந்தபட்சக் கணக்கில் 200இல் 10, அதாவது 5.0 சதவீதம். சரியான கணிப்பு: பொசிட்டிவ் இல்லாத தொகுதிகளின் பங்கு 0.75; அதன் ஐந்தாம் மூலத்தை 1இலிருந்து கழித்தால் 5.6 சதவீதம். பெரிய வேறுபாடில்லை. இனி 30 தொகுதி பொசிட்டிவ் என்றால் குறைந்தபட்சக் கணக்கு 15 என்கிறது, சரியான கணிப்பு 24. 39 பொசிட்டிவ் என்றால் 19.5க்கும் 52க்கும் இடையில் பிளவு. அந்த நிலையில் தொகுதி முறையே உடைந்துவிட்டது. எனவே ஒவ்வொரு இனத்திலும் முதல் 20ஐத் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். ஒன்றோ பூச்சியமோ வந்தால் மிச்சத்தை ஐந்தைந்தாகச் சேருங்கள், அதற்கு மேல் வந்தால் தனித்தனியாகவே தொடருங்கள். தொகுதிக்குள் இனம், பருவம், விலங்கு, ஊர் எதையும் கலக்க வேண்டாம்.

200 போதுமா என்பதற்கு: 60 உண்ணி பார்த்து ஒன்றிலும் இல்லை என்றால் ‘கிருமி இல்லை’ என்று ஆகாது. 3ஐ 60ஆல் வகுத்தால் வரும் 5 சதவீதம் வரை உண்மையில் இருக்கலாம். 1 சதவீதத்தில் இருக்கும் கிருமியை 60 உண்ணியில் தவறவிடும் வாய்ப்பு பாதிக்கும் மேல், ஏறத்தாழ 55 சதவீதம். அதை 5 சதவீதமாகக் குறைக்க 300 வேண்டும், அதுவும் ஒரே இனத்தில் 300. கொடிய இனங்கள் 1 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் என்று மேலே சொல்லப்பட்டிருக்கிறது. எனவே உங்கள் ஆய்வு ‘பொதுவாக என்ன ரிக்கெட்சியா இருக்கிறது’ என்று சொல்லும், ‘கொடியது இல்லை’ என்று சொல்லாது. இந்த வசனத்தைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

பி.சி.ஆர். வரிசை: முதலில் சித்திரேற் சிந்தேஸ் மரபணு, ஏறத்தாழ 400 கார இணை (டி.என்.ஏ. நீளத்தின் அலகு) கொண்ட துண்டு. அது ரிக்கெட்சியா என்றாலே பொசிட்டிவ் காட்டும். பொசிட்டிவ் வந்ததில் வெளிச்சவ்வுப் புரதம் ஏ மரபணு, 532 இணைத் துண்டு. புள்ளிக்காய்ச்சல் கூட்டமா என்பது இதில் தெரியும். பிறகு கட்டாயம் டி.என்.ஏ. வரிசைப்படுத்தல். ஜெல்லில் ஒரு கோடு தெரிந்ததை வைத்து ‘கொனோரி’ என்று எழுதக் கூடாது. நாய் உண்ணியில் ரிக்கெட்சியா மசிலியேயும் குடியிருக்கும், அதன் கோடும் அதே இடத்தில்தான் நிற்கும்.

பிழை வரும் இடங்கள். குருதி நிறைந்த உண்ணியில், குருதியில் இருக்கும் ஹீம் என்ற பொருள் பி.சி.ஆரைத் தடுக்கும், இருக்கிற கிருமியும் நெகட்டிவ் ஆகும். ஒவ்வொரு மாதிரியிலும் உண்ணியின் சொந்த 16எஸ் மரபணுவை, ஏறத்தாழ 460 இணை, தனியாகப் போடுங்கள். அது வராத மாதிரியை நெகட்டிவ் என்று எண்ணாமல் கணக்கிலிருந்தே நீக்குங்கள், அல்லது டி.என்.ஏ.யைப் பத்து மடங்கு ஐதாக்கி மறுபடி போடுங்கள். எதிர்த்திசைப் பிழை, மாசு: இரட்டைச் சுற்று பி.சி.ஆரில் முதல் சுற்றுக் குப்பியைத் திறக்கும் அறையிலேயே அடுத்ததைக் கலந்தால் எல்லாமே பொசிட்டிவ் ஆகிவிடும். பொசிட்டிவ் கட்டுப்பாட்டுக்கு (சோதனை வேலை செய்கிறதா என்று பார்க்கப் போடும் மாதிரி) இலங்கையில் எதிர்பார்க்காத ஓர் இனத்தின் டி.என்.ஏ.யை வைத்துக்கொள்ளுங்கள். உண்ணி மாதிரியில் அந்த வரிசை வந்தால் மாசு என்று உடனே தெரியும்.

வயிறு முட்டிய உண்ணியில் பொசிட்டிவ் வந்தால் அது உண்ணியின் கிருமியா, அப்போது குடித்த நாயின் குருதியில் இருந்ததா என்று பிரிக்க முடியாது. குருதி குடிக்காத தட்டையான உண்ணிகளைத் தனி நிரலில் காட்டுங்கள். அந்த நிரல்தான் உண்மையான சுமை.

மூன்றாங்கட்டை எழுதியது:

மிக்க நன்றி. திட்டத்தை நாய் 120, ஆடு 40, மாடு 30, புல்லில் கிடைப்பது என்று மாற்றுகிறோம். உண்ணியைப் பாமசியில் வாங்கும் ஸ்பிரிட்டில் போடலாமா? ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக நாலைந்து நாள் ஆகும்.

பிப்பெற் எழுதியது:

ஸ்பிரிட் வேண்டாம். இனம் அறிய அது போதும், ஆனால் அதில் கலந்திருப்பவை டி.என்.ஏ.க்கு நல்லதல்ல. ஆய்வுகூடத்து 95 சதவீத எதனோல் எடுங்கள். உண்ணியின் கனவளவுபோல் பத்து மடங்கு எதனோல், 2 மில்லிலீற்றர் திருகு மூடிக் குப்பி, வயிறு நிறைந்ததைப் பாதியாகக் கீறிப் போடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஏறமுன் அழுகிவிடும். போமலின் பக்கமே போக வேண்டாம். குப்பிக்கு உள்ளே பென்சிலால் எழுதிய கடதாசித் துண்டு வையுங்கள். வெளியே மார்க்கரால் எழுதியதை எதனோல் கரைத்துவிடும். நாலைந்து நாள் அறைவெப்பம் பரவாயில்லை, வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் வேண்டாம்.

பிரித்தெடுக்கும்போது 70 சதவீத எதனோலில் கழுவி, கிருமிநீக்கிய நீரில் இரண்டு தரம் அலசி, நீளப்பாட்டுக்கு இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதி புரோட்டீனேஸ் கே என்ற நொதியம் இட்டு 56 பாகையில் இரவு முழுக்க. மற்றப் பாதி சேமிப்பு. சந்தேகம் வந்தால் திரும்பிப்போக அந்தப் பாதிதான் இருக்கும்.

விடுதி ஏழு எழுதியது:

கடித்த உண்ணியைச் சோதிக்கச் சொல்லிக் கேட்பவர்களுக்கு: வேண்டாம் என்று சொல்லுங்கள், காரணத்தோடு. முடிவு வரும்போது காய்ச்சல் வருவதானால் வந்துவிட்டிருக்கும். உண்ணியில் கிருமி இருந்தாலும் அது ஆளுக்குக் கடந்தது என்று அர்த்தமில்லை. உண்ணி குடிக்கத் தொடங்கிக் கிருமி கடக்கப் பொதுவாகச் சில மணித்தியாலம் ஆகும். உண்ணி நெகட்டிவ் என்றாலும் காணாமல் போன இன்னோர் உண்ணி கடித்திருக்கலாம். காய்ச்சல் இல்லாத ஆளுக்கு ‘முன்கூட்டியே’ அன்ரிபயோற்றிக் கொடுப்பதும் பரிந்துரை அல்ல.

செய்ய வேண்டியது: கூரான சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து, முறுக்காமல் நேரே இழுத்தெடுப்பது. மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். பிறகு சவர்க்காரம். விரலால் நசுக்கவே கூடாது. நாயிலிருந்து பிடுங்கிய உண்ணி ஏற்கெனவே குருதி குடித்தது, அதற்குள் இருக்கும் கிருமி விழித்த நிலையில் இருக்கும். கையில் ஒரு கீறல் போதும். கையுறை போட்டு, சவர்க்காரத் தண்ணிப் போத்தலுக்குள் போடுங்கள். சேகரிக்கும் உங்கள் குழுவுக்கும் இதுதான்.

கடித்த நாளைக் கலண்டரில் குறித்து இரண்டு கிழமை கவனிக்க வேண்டும். காய்ச்சல், கடும் தலையிடி, உடம்பு உளைவு, பிறகு உள்ளங்கை உள்ளங்காலிலும் வரும் புள்ளிகள். இலங்கையில் பன்னம் இலை போன்ற வடிவில் தோல் கறுக்கும் நோயாளரும் பதிவாகியிருக்கிறார்கள். கரும்பொருக்கு இல்லை என்பதற்காகப் புள்ளிக்காய்ச்சலை விலக்க முடியாது. நம் மாவட்டத்தில் காய்ச்சலும் புள்ளியும் என்றதும் எல்லோருக்கும் டெங்கு ஞாபகம்தான் வரும், அது நியாயமும்தான். அதனால் ‘உண்ணி கடித்தது’, ‘பட்டியில் வேலை’, ‘பற்றைக்குள் போனேன்’ என்பதை நோயாளியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

முதல் கிழமைக் குருதியில் எதிருடல் பெரும்பாலும் வராது. ஒளிர்வு எதிருடல் சோதனை உறுதி ஆவது இரண்டு முதல் நாலு கிழமை இடைவெளியில் எடுத்த இரண்டாம் மாதிரியில் நாலு மடங்கு கூடினால். அதுவரை மருந்தை நிறுத்திவைக்க முடியாது. சந்தேகம் என்றாலே வைத்தியர் டொக்சிசைக்கிளின் தொடங்குவார்: வளர்ந்தவருக்கு 100 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு வேளை, 45 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு கிலோவுக்கு 2.2 மில்லிகிராம் இரண்டு வேளை, காய்ச்சல் விட்டு மூன்று நாளாவது தொடர்ந்து, குறைந்தது 5 முதல் 7 நாள். பல்லில் கறை வரும் என்று பிள்ளைக்கு மறுக்கக் கூடாது. இந்தக் குறுகிய காலத்துக்கு அந்தப் பயம் தேவையில்லை. பெனிசிலின், செபலொஸ்போரின் வகைகள் ரிக்கெட்சியாவில் வேலை செய்யாது. ‘அன்ரிபயோற்றிக் போட்டும் காய்ச்சல் விடவில்லை’ என்று வருபவரில் எந்த மருந்து என்று கேட்பது இதனால்தான். பாமசியில் தானாக வாங்கிப் போடுவதற்காக இதை எழுதவில்லை.

பட்டியடி எழுதியது:

சேகரித்த வீடுகளுக்கு ஏதாவது திருப்பிச் செய்ய வேண்டும் என்று நினைப்பீர்கள். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு வந்தால் மூன்று கிழமையில் சுவர் முட்டைகள் பொரித்து மறுபடி ஏறும். 12.5 சதவீத அமிற்ராஸ் என்ற உண்ணி மருந்து என்றால் 1 லீற்றர் தண்ணிக்கு 2 மில்லிலீற்றர், நாயை நனைத்து அப்படியே காய விடுவது. அதே நாளில் சுவர் வெடிப்பு, கட்டில் கால், படுக்கும் இடத்துக்கு மிருக வைத்தியர் சொல்லும் தெளிப்பு. இரண்டையும் 14 முதல் 21 நாளில் திரும்பச் செய்ய வேண்டும். அமிற்ராஸும், பெர்மெத்ரின் என்ற பூச்சிகொல்லியும் பூனைக்கு நஞ்சு. நீரிழிவு உள்ள நாய்க்கு அமிற்ராஸ் போடக் கூடாது, நீரிழிவு உள்ளவர் அதைக் கையாளவும் கூடாது. குருதி வெல்லத்தை ஏற்றும். வசதி உள்ள வீட்டுக்கு புளூரலனர் குளிசை இலகு. உண்ணியை எடுத்து முடித்த பிறகே மருந்து. முதலில் மருந்து போட்டால் நாளைக்கு உங்கள் குப்பிக்கு ஒன்றும் வராது.